பதினான்காம் எண் இடத்துக்காக வெர்லின் ஸ்டக்கி மலையேறிய காண்டம்

எடுத்த கதை முடியும்வரை ரேடியேட்டர் கொதிக்காமலும், கியர்ப்பெட்டி எண்ணெய் கருகாமலும் காத்தருள்க என்று விசிறிப் பட்டையை முதற்கண் தொழுகிறோம்.

வாழ்க வெர்லின் ஸ்டக்கி! இந்தியானா மாநிலத்து மன்சி நகரின் வார்ப்பாலையில் முப்பத்தோராண்டு உருகிய இரும்பை மொண்டு மொண்டு அச்சில் வார்த்தவன், தன் புருவங்கள் இரண்டையும் அந்த உலைக்கே காணிக்கை தந்தவன், இடச்செவியை இயந்திரங்களுக்குத் தானம் செய்தவன், மூட்டுத் தேய்மானமும் முதுகுவலியும் பதக்கங்களாகப் பூண்டு ஓய்வடைந்தவன், முப்பத்தாறடி நீளமும் பதினோரு டன் பாரமும் உடைய பெட்ரோல் வீட்டுவண்டியின் அதிபதி, பத்து உருளை என்ஜினின் பாகன், நடீனின் கணவன். அவனுடைய பெருமையைச் சொல்லப் புகுந்த நாம் அவனுடைய தேரின் பெருமையை முதலில் சொல்லியாக வேண்டும்.

அது வீடா வண்டியா என்று ஐயுறுவோர் அதன் அடியில் படுத்துப் பார்க்கக் கடவர். சரக்கேற்றப் பிறந்த லாரியின் எலும்புக்கூடு அது. அதன் முதுகில் கட்டில், குளிர்ப்பெட்டி, இரண்டு சாய்வு நாற்காலி, குளிக்கும் அறை, தொலைக்காட்சி மூன்று ஆகியவற்றை ஏற்றி, விலாப்புறத்தில் சிறகு விரித்த கழுகொன்றையும் ஒட்டி விற்றிருந்தார்கள். பட்டை ஸ்பிரிங் வில்லின்மேல் நின்ற அந்த மாளிகை, எதிரே லாரி வந்தால் ஒருமுறையும் கடந்து போனால் மறுமுறையும் தலையாட்டும். அந்த ஆட்டத்தை அடக்க வெர்லின் முன்னச்சுக்கு ஒரு முறுக்குத்தண்டும், பின்னச்சுக்கு ஒரு குறுக்குத்தண்டும், ஸ்டியரிங்குக்கு ஓர் அதிர்வுதாங்கியும் தன் கையாலேயே பூட்டியிருந்தான். பூட்டியபின் அது ஆடுவது நிற்கவில்லை; எந்தத் தண்டினால் ஆடுகிறது என்பதுதான் தெரியாமல் போயிற்று. ஆயினும் தங்கும் முகாம்தோறும் அண்டை வண்டிக்காரர்களை அழைத்து, அவர்களோடு சேர்ந்து மல்லாந்து படுத்து, அத்தண்டுகளை விரல்நீட்டிக் காட்டுவான். அந்த நாடோடிக் குலத்தில் ஆண்கள் நட்புக் கொள்வது கைகுலுக்கி அல்ல. ஒருவன் வண்டிக்கடியில் இன்னொருவன் படுத்து.

என்ஜினோ முன்னூற்று அறுபத்திரண்டு குதிரை. ஓட்டுபவன் முழங்காலுக்கும் அருகிலிருப்பவள் முழங்காலுக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே, கட்டிப்போட்ட எருமைபோல் அது உறுமும். முன்னூற்று அறுபத்திரண்டும் கடல்மட்டத்துக் குதிரைகள். பத்தாயிரம் அடி உயரத்தில் அவற்றில் நூற்றுக்குமேல் காற்றில்லாமல் வாய்பிளந்து உட்கார்ந்துவிடும் என்பதைப் பளபளக்கும் விற்பனைப் புத்தகத்தில் யாரும் அச்சிட்டிருக்கவில்லை.

மாற்றான் யார் எனில், ராய்ஸ் பெண்டர்காஸ்ட். அதே வார்ப்பாலையின் மேஸ்திரி. காலை ஆறுமணிச் சங்கு ஊதுமுன் வாயிலில் வந்து நின்று, கடிகாரத்தையும் வருகிறவன் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பவன். பனிப்புயலில் நாலு நிமிடம் பிந்தி வந்த வெர்லினை ஐம்பது பேர் பார்க்க நிறுத்திவைத்து, “ஸ்டக்கி, உன் வீட்டுல மட்டும்தான் பனி பெய்யுதா?” என்று கேட்டவன். அவனும் ஓய்வு பெற்றான். அவனும் வீட்டுவண்டி வாங்கினான். ஆனால் அவனுடையது டீசல். என்ஜின் பின்னால் எங்கோ கிடக்கும். டர்போ காற்றை அமுக்கி ஊட்டும். மலையென்றும் சமவெளியென்றும் அதற்கு வேற்றுமை தெரியாது. வில்லுக்குப் பதில் காற்றுப் பைகள். ராய்ஸ் அதில் போவது ஏதோ பிஷப் பல்லக்கில் போவதுபோல் இருக்கும்.

கொலராடோ மலையடிவாரத்து பகோசா ஸ்பிரிங்ஸ் முகாமில், ஜூலை மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், வெர்லின் முன்மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தபோது ராய்ஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான்.

“என்னடா வெர்லின், இன்னும் இந்தத் தையல் மிஷினைத்தான் தடவிக்கிட்டிருக்கியா?”

“பத்து சிலிண்டர், பாஸ்.” ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் அந்தப் ‘பாஸ்’ அவன் நாக்கை விட்டுப் போகவில்லை.

“பத்து இருந்து என்ன பண்ண? கணவாய்க்கு அந்தப் பக்கம் காட்டு முகாம்ல ஆத்தோரமா ஒரே ஒரு எடம் காலியா இருக்காம். பதினாலாம் நம்பர். முன்பதிவு கெடையாது, முதல்ல போறவனுக்குத்தான். நீ அவசரப்படாம வா. நீ வர்றதுக்குள்ள நான் ரெண்டு மீன் புடிச்சு வறுத்துடுவேன்.”

“பாப்போம், பாஸ்.”

மண்ணுக்காக மன்னர் பொருதனர், பெண்ணுக்காகப் பேரரசுகள் சரிந்தன. இங்கே மூண்ட போரோ நாற்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள சரளைத் தரைக்கு. ஆனால் வெர்லினுக்கு வேண்டியது சரளையும் அல்ல, ஆறும் அல்ல. முப்பத்தோராண்டு, ஒரு நாள் தவறாமல், அவன் போய்ச் சேரும் இடத்தில் ராய்ஸ் ஏற்கனவே நின்றிருந்தான். ஒரே ஒருமுறை, சாவதற்குள் ஒருமுறை, தான் முன்னால் போய் நிற்க, ராய்ஸ் பின்னால் வரவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

வீட்டுவண்டிக் குலத்துக்கு ஒரு நித்திய கடமை உண்டு. முகாமைவிட்டுக் கிளம்புமுன், வயிற்றில் தேக்கிய கக்கூஸ் தொட்டியைக் கழிவு கொட்டும் குழியில் திறந்துவிட வேண்டும். அன்று அந்தக் குழியின்முன் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன, மூன்றாவது ராய்ஸினுடையது. ஒழுங்குக்குப் பேர்போன மேஸ்திரி வரிசையில்தான் நிற்பான். வெர்லின் அதைக் கண்டான். கண்டவன் நெஞ்சில் வார்ப்பாலை உலை திறந்துகொண்டது. வரிசையைக் கண்ணெடுத்தும் பாராமல், மூன்று நாள் சேர்ந்த நாற்பது கேலன் கழிவை அப்படியே சுமந்து, காட்டு முகாமில் குழாய் இல்லையென்று முந்தின நாள் மாலையே கழுத்துவரை நிரப்பிய எழுபத்தைந்து கேலன் நல்ல நீரையும் சுமந்து, ராய்ஸ் வாய்பிளந்து பார்க்க, கழுகு பறந்தது.

கிளம்பும்போதே துணி துவைக்கும் அறையிலிருந்து ஓடிவந்து ஏறிக்கொண்ட நடீன் கேட்டாள்: “எல்லாம் காலி பண்ணியாச்சா?”

“ஆச்சு.”

தருமன் போர்க்களத்தில் சொன்னது அரைப்பொய். இது முழுப்பொய்.

வுல்ஃப் கிரீக் கணவாய் எழுந்தது. எட்டு மைல் தொடர் ஏற்றம். மேலே பத்தாயிரத்து எண்ணூறு அடியில் முகடு. முதல் மைலில் வண்டி ஐம்பதில் பாய்ந்தது. இரண்டாம் மைலில் நாற்பத்திரண்டு. ஐந்தாம் கியர் நான்காகி, நான்கு மூன்றாகி, மூன்று இரண்டாகிக் கீழிறங்க, என்ஜினின் ஓலம் மட்டும் மேலேறியது. நிமிடத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு சுற்று. ஆயிரம் பேய்கள் ஒரே மாவரைக்கும் இயந்திரத்தில் அகப்பட்டாற்போன்ற கூக்குரல். நடு மூடியிலிருந்து கிளம்பிய அனலில் நடீனின் செருப்பு இளகிற்று. அவள் கால்களைத் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

“வெர்லின்! என்ன இந்தச் சத்தம்?”

“பவர்!”

“என்னது?”

“பவருன்னேன்!”

“பவர் இருந்தா வைக்கோல் லாரி எப்படி நம்மளத் தாண்டிப் போகுது?”

வீரன் மிதியை இன்னும் ஆழ அழுத்தினான். முள் முப்பத்து நாலைத் தொட்டது. முப்பத்தைந்துக்குக் கீழே ஊர்கிற வண்டி நாலு மூலை விளக்கையும் மினுக்கிப் பின்வருவோரை எச்சரிப்பது அந்தப் பாதையின் மரியாதை. நடீன் கைநீட்டி விளக்கைப் போட்டாள். வெர்லின் அணைத்தான். அவள் போட்டாள். அவன் அணைத்தான். மூன்றாம் முறை அவள் அந்தப் பொத்தான்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்திரண்டு வருட மணவாழ்வில் எத்தனையோ தீர்ப்புகள் இப்படித்தான் எழுதப்பட்டன.

அப்போதுதான் பக்கக் கண்ணாடியில், இரண்டு வளைவுகளுக்குக் கீழே, ஒரு வெண்ணிறப் பல்லக்கு தெரிந்தது. ஓலமில்லை, உறுமலில்லை, வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் மலையைப் பிளந்துகொண்டு வந்தது. வெப்பமுள் சிவப்பு எல்லையை முகர்ந்தது. வேகமுள் முப்பத்தொன்று.

“ஏன் இப்படித் திணறுது? தொட்டிதான் காலியாச்சே?” என்றாள் நடீன். அவன் காதோரம் சிவந்ததைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும். “வெர்லின். உள்ள இருக்கா?”

“வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு.”

“அடப் பாவி மனுஷா! மூணு நாள் பீயத் தூக்கிக்கிட்டா மலையேறிக்கிட்டிருக்கோம்?”

“ரெண்டரை நாள்.”

“இவரு கணக்குல சரியா இருக்காராம்!”

பாரம் குறைத்தாலன்றி மானம் பிழைக்காது எனத் தெளிந்த வீரன், சாலையோரத்து ஒதுக்கிடத்தில் தேரை நிறுத்திக் குதித்தான். அடியில் இரண்டு திறப்புகள். ஒன்று கழிவுக்கு, அதைத் தொட்டால் சட்டம் சும்மா விடாது. மற்றது நல்ல தண்ணீருக்கு. அதைத் திருகித் திறந்துவிட்டு, ஒழுக ஒழுக மறுபடி ஏறிக் கிளம்பினான். நல்ல நீரை ரோட்டுக்கு வார்த்துவிட்டு நாற்றத்தைப் பத்திரமாக உச்சிக்குக் கொண்டுபோனவன் உலகில் இவன் ஒருவனல்ல. எத்தனையோ அரசாங்கங்கள் அப்படித்தான் நடக்கின்றன, அவற்றுக்குச் சக்கரம் இல்லை என்பதே வேறுபாடு. மொத்தம் ஐந்தரை மூட்டை சிமெண்டின் எடை பதினோரு டன்னிலிருந்து மெல்லக் குறையலாயிற்று. முள் பொங்கி எழுந்தது: முப்பத்திரண்டு.

ஆனால் விதி அவன் கையில் வேறொரு படைக்கலத்தை வைத்திருந்தது, அவன்தான் அறிந்திலன். ஒழுகிய நீரைப் பின்சக்கரங்கள் வாரி இறைத்தன. பத்தடி பின்னால் வந்து ஆரன் அடித்த ராய்ஸின் பரந்த கண்ணாடி முழுவதும் அது வருணாத்திரமாகச் சென்று பொழிந்தது. மேகமே இல்லாத வானத்தின்கீழ் துடைப்பான்கள் இரண்டும் பதறி ஆடுவதை வெர்லின் கண்டான். காலையில் குழியின்முன் வரிசையில் நின்றபடி யார் யார் காலி செய்யாமல் போனார்கள் என்று பார்த்துவைத்திருந்த ராய்ஸுக்கு, தன் கண்ணாடியில் வழிவது இன்னதென்று முடிவுகட்ட ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. அவன் பல்லக்கு குலுங்கியது, தயங்கியது, நூறடி, இருநூறடி, கால் மைல் என்று பின்வாங்கியது. நானூற்றைம்பது டீசல் குதிரைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றன.

“பாஸ் பின்னால போறாரு!” என்று வெர்லின் கூவினான். “நடீன்! பாஸ் என் பின்னால வர்றாரு!” அவன் கண்ணில் நீர். அனலால் என்று பின்னர் சொன்னான்.

முகடு வந்தது. கண்டத்தின் நீரைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்தனுப்பும் அந்த உச்சியில், அம்புமாரி நடுவே கொடிநட்ட கோமகன்போல், பெட்ரோல் வண்டி முதலில் ஏறி நின்றது. நின்றதற்குக் காரணம், சாலை நடுவே ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ் அம்மாள் ஒருத்தி கைகாட்டியதே. சட்டைப்பையின் மேல் ஆர்ச்சுலெட்டா என்று பெயர் இருந்தது.

“கீழ எறங்குங்க சார். மலை நெடுக ரோட்டுல கக்கூஸ் தண்ணிய விட்டுக்கிட்டு வர்றீங்கன்னு போன் வந்திருக்கு.”

“அது நல்ல தண்ணிங்க, மேடம்.”

“இதுவரைக்கும் யாரும் கெட்ட தண்ணின்னு சொன்னதில்ல, சார்.”

“குடிக்கிற தண்ணி! சத்தியமா!”

ஜன்னலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பை நீண்டது. நடீனின் கை. “அப்ப குடிச்சுக் காட்டு,” என்றாள்.

வண்டிக்கடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த குழாயில் கோப்பையைப் பிடித்து, சாலைப்புழுதியும் கிரீசும் மிதந்த அந்த நீரை, ஆலகாலம் அருந்திய கடவுள்போல், கண்மூடி அவன் அருந்தினான். ஆர்ச்சுலெட்டா அவன் தொண்டை இறங்கி ஏறுவதைக் கவனித்தாள்.

“தைரியம் இருந்தா ஒரு தடவை யார் வேணா குடிப்பாங்க,” என்றாள். “இன்னொண்ணு புடிங்க.”

அவன் இரண்டாவது கோப்பையை உதட்டில் வைத்த வேளையில் ராய்ஸின் பல்லக்கு, கண்ணாடி இன்னும் ஈரமாக, மெல்ல அவர்களைக் கடந்தது. ராய்ஸ் ஜன்னலை இறக்கினான். மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பில்லை. அருவருப்பும், அதோடு ஒரு பயபக்தியும் கலந்திருந்தன.

“ஸ்டக்கி,” என்றான். “வேணாம்டா. ஒரு எடத்துக்காக இந்தளவுக்கா?”

கூற்றுவனே எதிர்நின்றாலும் கலங்காத நெஞ்சன், உலையே உமிழ்ந்தாலும் இமைக்காத கண்ணன், வருணனை ஏவி வைரியைப் புறங்கண்டவன், இரண்டாவது கோப்பையையும் குடித்து முடித்தான். ஆர்ச்சுலெட்டா முகர்ந்து பார்த்து, தொட்டிகளின் இரு திறப்புகளையும் குனிந்து சோதித்து, உரிமத்தை வாங்கி, நிதானமாக எழுதி, குடித்தவன் வாந்தி எடுக்கிறானா என்று இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்து, இனி ஓடும் வண்டியில் எந்தத் தண்ணீரையும் விடவேண்டாம் என்று எச்சரித்து அனுப்பியபோது முப்பத்தைந்து நிமிடம் கழிந்திருந்தது. மறுசரிவில் முதல் கியரின் முனகலோடு, பிரேக் வாடையோடு, ஆற்றையே பார்க்காமல், மனைவியையும் பார்க்காமல், திசைகள் எட்டும் அதிர அவன் தேரை இறக்கிக்கொண்டு போனான்.

அவர்களுக்குக் கழிப்பறைக்கு எதிரே இருபத்திரண்டாம் எண் இடம் கிடைத்தது.