முதல் பக்கத்துப் பழனிமுத்து

இனம் என்று தொடங்கினாலே இந்த நாட்டில் பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள், மீதிப் பேர் அடையாள அட்டையைத் தேடுவார்கள். பயப்படாதீர்கள். இங்கே சொல்லப்போகும் இனம் எல்லா மொழியும் பேசும், எல்லாக் கோயிலுக்கும் போகும், எந்தக் கணக்கெடுப்பிலும் தனியாக எண்ணப்பட்டதில்லை. இதன் பெயர் முதல் பக்கத்தார்.

முதல் பக்கத்தாரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்தில் அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டு நிற்பார். தேர் இழுக்கும்போது வடத்தில் அவருடைய கை இருக்கும். இழுப்பவர்கள் பின்னால் இருப்பார்கள். நம் பழனிமுத்துவையே பாருங்கள்: ஒலிபெருக்கியில் தன் பெயர் வரவில்லை என்றால் அறிவிப்பாளரிடம் போய், "சின்னப் பிள்ளை ஒண்ணு காணாமப் போயிருச்சாம், பழனிமுத்து முதலாளி தேடிக்கிட்டு இருக்காருன்னு சொல்லுங்க" என்பார். எந்தப் பிள்ளை? அதை யார் கேட்டார்கள்? மரண அறிவித்தலில் "தகவல்: பழனிமுத்து" என்ற வரி மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக வருகிறதா என்று அச்சகத்திலேயே நின்று பார்ப்பார். செத்தவர் கோபிக்கப் போகிறாரா என்ன?

இதனால் யாருக்கும் பெரிய சேதம் இருந்ததில்லை. பிறகு இன்டர்நெட் வந்தது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பாதையோரத்தில் பழனிமுத்து ஒரு ஸ்பைஸ் கார்டன் நடத்தினார். ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய், மரங்களில் ஏறிய மிளகுக் கொடி; வெள்ளைக்காரர்கள் வந்து மோந்து பார்த்து, தைலமும் தூளும் வாங்கிப் போக வேண்டிய இடம். ஆனால் யுத்தம் முற்றியிருந்த வருடங்கள் அவை. வேன்கள் வருவது குறைந்து, குறைந்து, கேட்டைத் திறந்து வைப்பதே மாடு உள்ளே வருவதற்கு என்றாகிவிட்டது. நிலமும் அவருடையதில்லை. மனைவி பரிமளத்தின் அண்ணன் பொன்னையாவுடையது. அவர் தைப்பொங்கலுக்கு வந்து, பொங்கலைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மாப்பிள்ளை, சித்திரை வருசம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆளு வரலைனா எல்லாத்தையும் வெட்டிட்டு சிமெந்து புளொக் கல் அடிச்சு விக்கப் போறேன். ஊரெல்லாம் வீடு கட்டுறான். மிளகை மோந்து பாத்து எவன் வீடு கட்டினான்?"

அந்தக் கொடிகள் பரிமளமும் கிருஷ்ணம்மாவும் நட்டவை. பற்றிப் பிடிக்கும்வரை வாழை நாரால் கட்டிக் கட்டி மேலே ஏற்றிவிட்டவை. தோட்டம் போனால் கூட்டிப் பெருக்கும் கிருஷ்ணம்மா இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பொங்கல் பானையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், அதைத் தேவைக்கு மேலே தேய்த்தாள்.

பழனிமுத்து கலங்கவில்லை. "வெப்சைட் போடுறேன் மச்சான். உலகத்துல எவன் ஸ்பைஸ் கார்டன்னு தட்டினாலும் முதல் பக்கத்துல நாந்தான் நிப்பேன்" என்றார்.

கவனித்தீர்களா? தோட்டம் நிற்கும் என்று சொல்லவில்லை.

டவுனில் மர்சூக்கின் கடை இருக்கிறது. முதலில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுத்தார், பிறகு காசுக்கு டெலிபோன் பேசவிடும் கொமியூனிகேஷன் நடத்தினார், இப்போது வெப்சைட் செய்து கொடுக்கிறார். பலகை ஒன்றுதான்; எழுத்தை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக்கொள்வார்.

"என்னா எழுதணும் முதலாளி? சொல்லுங்கொ."

"உலகத்தின் தலைசிறந்த ஸ்பைஸ் கார்டன். எழுதிட்டீங்களா? இன்னொருக்கா எழுதுங்க."

"எழுதியாச்சே."

"திரும்ப எழுதுங்க மர்சூக். சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் மண்டையில ஏறும்."

தலைசிறந்த ஸ்பைஸ் கார்டன் பழனிமுத்துவின் ஸ்பைஸ் கார்டன், ஸ்பைஸ் கார்டன்களில் தலைசிறந்தது பழனிமுத்து ஸ்பைஸ் கார்டன் என்று அந்தப் பக்கம் மேலிருந்து கீழ்வரை நிறைந்தது. வாசித்தால் ஜன்னி கண்டவன் புலம்புவதுபோல் இருந்தது. அதோடு விட்டாரா? ஆட்கள் எதையெல்லாம் தேடுவார்களோ அதையெல்லாம், யானை, கிரிக்கெட், சிகிரியா, மாணிக்கக்கல், கல்யாணத் தரகர் வரைக்கும், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக அடியில் ஒளித்து வைக்கச் சொன்னார். மனிதர் கண்ணுக்குத் தெரியாதாம், தேடுபொறி மட்டும் ஏமாந்து வருமாம். தோட்டத்துக்கு வரலாறு வேண்டுமே? கேரளத்துத் தோட்டம் ஒன்றின் வரலாற்றை அப்படியே இறக்கி ஒட்டினார்கள். மாத்தளை மலையடிவாரத்தில் ஒரு படகு வீடு வந்து நின்றது. ஊரில் வெப்சைட் வைத்திருந்த டயர்க் கடைக்காரர், சோதிடர், கல்யாண மண்டபத்தார் எல்லோரோடும் ஓர் ஒப்பந்தம்: என் பக்கத்தில் உன் பெயர், உன் பக்கத்தில் என் பெயர். கூட்டங்களில் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வார்களே, அதேதான். அங்கேயாவது மாலை வாடும்.

பிறகு தேடிப் பார்த்தார்கள். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததில் இல்லை. மர்சூக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போய், ஏதோ ஒரு பாதாளத்தில் நின்றார். அங்கே நீல எழுத்தில் ஒரு தலைப்பு: பெயரிடாத பக்கம்.

"இது யாரு?" என்றார் பழனிமுத்து.

"ஓங்கட தான் முதலாளி. தலைப்புப் போடுற எடத்துல ஒண்டும் போட மறந்து போச்சு."

வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் தன் பெயரை எழுதிய மனிதர், எழுத வேண்டிய ஒரே இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்!

திருந்தினாரா? இந்த இனம் திருந்தாது, அலங்காரம் பண்ணிக்கொள்ளும். எழுத்து எடுப்பாக இல்லை, அதுதான் குறை என்று முடிவு கட்டினார். இருந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு, மாலையும் சந்தனப் பொட்டுமாகத் தன் படத்தைப் போட்டு, படத்துக்குள்ளேயே தங்க எழுத்துகளை எழுதி, திறந்தவுடன் நாதசுரம் ஊத ஏற்பாடு செய்தார். அந்த நாளைய டெலிபோன் லைனில் அந்தப் படம் தலைமுடியிலிருந்து மெதுவாக இறங்கும். நெற்றி வருவதற்குள் பார்க்கிறவர் போய்விடுவார். மூக்கு வரை பொறுத்திருந்தவர் பழனிமுத்து ஒருவர்தான்.

அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடியது. அது ஏறியது. மளமளவென்று ஏறியது. பழனிமுத்து தினமும் டவுனுக்குப் போய், பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பங்குனியில் ஒருநாள் சாமான் வாங்கப் போன பரிமளமும் அவரோடு அந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

"என்னாங்க, இவ்வளவு பேரு வந்தாங்கன்னா நம்ம கேட்டுக்குள்ள ஒருத்தர்கூட வரலையே?"

"மொதல்ல இங்க வருவாங்க. பொறகு அங்க வருவாங்க. ஒனக்கு வெளங்காது."

அந்த நேரம் அவருக்கு போன் வந்தது; ஏதோ கூட்டத்துக்குத் தலைவர் வேண்டுமாம். வெளியே ஓடினார். மர்சூக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வந்தது ஒராள்தான் தங்கச்சி. அந்தாளு இந்தக் கதிரையில குந்திக்கிட்டுத் திறக்கிறதும் பூட்டுறதும்தான்."

பரிமளம் திரையைப் பார்த்தாள். அதில் அவள் புருசனின் புருவம் இறங்கிக்கொண்டிருந்தது. சித்திரைக்கு அதிக நாள் இல்லை. இருந்த கூச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, மர்சூக்கை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டாள்:

"நானா, இதுல ஒரே ஒரு வரி போட ஏலுமா?"

"படத்துக்குள்ள போடுறதுண்டா பின்னேரம் வரைக்கும் மினக்கெடணும். அடியில சாதா எழுத்துல போடவா?"

"சாதாவே போதும்."

அவள் சொன்ன வரி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தம்புள்ளைக்குப் போய் மரக்கறி வாங்கிவரும் வழியில் செக்பொயின்ட்டில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். பையைத் திறந்து காட்டி, அட்டையை நீட்டி, வெயிலில் வரிசையாக நின்று, மறுபடி ஏற வேண்டும். ஆம்பிளைகளுக்குப் புதர் இருக்கிறது. பொம்பளைகளுக்கு? புதருக்குப் பக்கத்தில் துவக்கோடு ஆமிக்காரர் நிற்கிறார். பரிமளம் எத்தனையோ தரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். கொழும்பிலிருந்து வேனில் வருகிற அம்மாமார்களின் முகத்திலும் அதே கடித்த பல்லை அவள் பார்த்திருக்கிறாள்.

"கண்டிக்கும் தம்புள்ளைக்கும் நடுவுல சுத்தமான டொய்லெட் இருக்கு. தண்ணி இருக்கு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. பொம்பளைங்க பயமில்லாம வரலாம்."

மர்சூக் சிரிக்காமல், ஒரு சொல்லும் கூட்டாமல், அதை இங்கிலீசில் அடித்தார்.

தேடுபொறிக்குப் படம் தெரியாது, எழுத்து மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்பது அந்தக் கடையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தங்க எழுத்துகள் அதற்கு வெறும் சுவர். சுவரின் அடியில் இருந்த இந்த வரியை மட்டும் அது வாசித்துக்கொண்டு போயிற்று.

வருசப் பிறப்புக்கு முந்திய கிழமை பொன்னையா அளவு நாடாவோடு வந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்கிறீர்கள்? முதல் பக்கத்தாரேதான். பரிமளம் குசினி ஜன்னலில் நின்றாள். கிருஷ்ணம்மா வழக்கம்போலக் கக்கூசைக் கழுவி, வாளியில் தண்ணீர் நிறைத்துவிட்டு, துணிமணியை மூட்டை கட்டலாமா என்ற யோசனையில் படியில் உட்கார்ந்திருந்தாள்.

கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது.

பழனிமுத்து நாடாவை விட்டார். அது சர்ரென்று பொன்னையாவின் கைக்கு ஓடியது. இவர் தலையை வாரிக்கொண்டே வேனை நோக்கி ஓடினார். வயதான வெள்ளைக்காரம்மா ஒருவர் இறங்கினார். "வெல்கம்! உலகத்தின் தலைசிறந்த…" என்று இவர் இரண்டு கையையும் விரித்தார். அந்த அம்மா விரிந்த கைக்குக் கீழாகக் குனிந்து போய்விட்டார். பின்னால் இன்னும் மூன்று அம்மாமார். ஒருவரும் ஏலக்காயைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மா எழுந்து வழி காட்டினாள்.

"கோவிக்காதீங்க முதலாளி" என்றார் வேன் டிரைவர். "செக்பொயின்ட்ல நின்னு நின்னு அவங்களுக்கு ஏலாமப் போச்சு. நேத்து கண்டி ஹோட்டல்ல கம்பியூட்டர்ல தேடிப் பாத்துட்டுத்தான் கெளம்பினாங்க. தம்புள்ள ரோட்டுல சுத்தமான டொய்லெட்டுன்னு தட்டினதும் முதல் பக்கத்துல, மொத ஆளா, ஓங்க எடம்தான் வந்துச்சு!"

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சொல் பழனிமுத்துவின் காதில் விழுந்தது. எதற்காக என்பதும் கூடவே விழுந்தது.

திரும்பி வந்த அம்மாமாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி மலர்ந்த முகத்துக்கு எதையும் விற்கலாம். ஆறுதலாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள், மிளகுக் கொடியைத் தடவிப் பார்த்தார்கள், தைலத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த நாள் வேறு வேன்கள் வந்தன. டிரைவர்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பொன்னையா நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம் சொன்னார்:

"கொடி கெடக்கட்டும் மாப்பிள்ளை. இன்னொரு கக்கூஸ் கட்டுங்க. புளொக் கல் நான் தாரேன்."

கட்டினார்கள். பழனிமுத்து ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். சுவரில் அவர் பெயரோடு ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது, தாழ்ப்பாளுக்கு நேர் மேலே. டொய்லெட் யோசனை தனக்குத்தான் முதலில் வந்தது என்று எந்தக் கூட்டத்திலும் சொல்வார். இப்போது வெப்சைட்டில் அந்தக் கதவுக்கு முன்னால் மாலையோடு நிற்கும் படம் ஒன்றும், உலகத்தின் தலைசிறந்த டொய்லெட் என்று தங்க எழுத்தும் வேண்டும் என்று மர்சூக்கை நச்சரிக்கிறார். பரிமளம் சாமான் வாங்கப் போனபோது கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"நானா, அவரு கேக்குற படத்தை எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடுங்க. அடியில இருக்கிற வரிய மட்டும் தொட வேணாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தத் தேடும் கட்டத்துக்கு முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தபோது நீங்கள் தட்டிய சொல் எது? மருந்தின் பெயரா, மழை நிலவரமா? கடையில் யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு பெயரைத் தட்டினீர்களே, அது யாருடைய பெயர்? எந்தப் பாதாளத்தில் கிடந்தது? வெட்கப்படாதீர்கள். பழனிமுத்து உங்களுக்கும் ஓர் இடம் பிடித்துத்தான் வைத்திருக்கிறார். தனக்குக் கொஞ்சம் பின்னால்.