தண்ணி மாமாவின் தொட்டியில் மீன் இல்லை

ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடிகாரர் என்று பெயரெடுத்தவர் இந்த மந்தைவெளியிலேயே ஒருவர்தான். எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடித் தண்ணி மாமா.

பெயர் வைத்தவர் வாட்ச்மேன் பாபு. மாமா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, தண்ணீருக்கு அடியில் செடி வளர்க்க ஆரம்பித்தார். எப்போது மணியடித்தாலும் முழங்கை வரை நனைந்த சட்டையோடுதான் கதவைத் திறப்பார். புதிதாக வரும் கூரியர்காரர்களுக்குப் பாபு வழி சொல்வார்: "தண்ணி மாமாவா? மூணாவது மாடி நைனா. காலீல எய்ந்ததுலேர்ந்து தண்ணிலதான் கீறாரு." அவர்கள் பார்சலை வாசலிலேயே வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

தொட்டியில் மீன் கிடையாது. பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. செடிகளிலும், செக்கச்செவேலென்று மினுக்கும் ரகங்களை மாமா கிட்டே சேர்க்கமாட்டார்.

"அதெல்லாம் மகாராணிகள்ப்பா. வெளிச்சம் கொஞ்சம் கொறைஞ்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டுடும். நமக்கு இந்த அனுபியாஸ் செடி போதும். கரண்ட் போனாலும் இருக்கும், நம்ம மெட்ராஸ் தண்ணியையே குடிச்சுண்டும் இருக்கும்."

அனுபியாஸின் தடித்த தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடுமாம். நூலால் கல்லோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அதனால் மாமா போகிற இடமெல்லாம் கல் பொறுக்குவார். பறக்கும் ரயில் நிலையத்துக்கு அடியில் பொறுக்குவார், வீடு இடிக்கிற இடத்தில் பொறுக்குவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில் குனிந்தவர், இரண்டு கல்லோடுதான் நிமிர்ந்தார். செடி பெருகப் பெருக வெட்டி எல்லோருக்கும் கொடுப்பார். என் தங்கையின் கல்யாண வரவேற்பில் மேடையேறி, மணமக்கள் கையில் ஓர் ஊறுகாய் பாட்டிலைத் திணித்தார். உள்ளே பச்சைப் பசேலென்று ஜாவா பாசி. பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா அதைக் கொத்தமல்லித் தொக்கு என்று நினைத்து, தயிர் சாதத்துக்குக் கொஞ்சம் கேட்டார்.

"சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது," என்றார் மாமா. "ஆனா அதுக்கும் உசிர் இருக்கு, பாருங்கோ."

மீன் ஏன் விடுவதில்லை என்று எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு பிற்பகல், இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. மாமாவின் மனைவி கமலா மாமி தொட்டியருகே நின்று இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர்.

"மீன் எங்கே?" என்றார்.

"செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டிருக்கு கமலா. இப்போ வரும்."

மாமி சிரித்துக்கொண்டே நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "இதுல மீன் இருந்துதே, எங்கே?" மாமா அதே பதிலை, முதல் தடவை சொல்வது போலவே சொன்னார்.

மாமி உள்ளே போனதும், வலையால் இட்லியை அள்ளியபடி மாமா பேசினார். "ஞாபகம் போயிண்டிருக்குப்பா. முன்னே மீன் இருந்தது. தீனி போட்டதை மறந்துட்டு மறுபடி மறுபடி போடுவா. தண்ணி கெட்டு எல்லாம் மிதந்துடுத்து. அப்படி அழுதா. மறுநாள் அதையும் மறந்துட்டு மீன் எங்கேன்னு கேட்டா. செத்துப்போச்சுன்னேன். புதுசா கேக்கறாப்ல திரும்பவும் அதே அழுகை. அப்புறம்தான் தோணித்து. மீன் ஒளிஞ்சுக்கறாப்ல அடர்த்தியா இருக்கணும். அவ எதைப் போட்டாலும் தாங்கற செடியா இருக்கணும்."

விஷயம் மெல்லக் கீழேயும் பரவியது. தண்ணீர் கேனைக் கொண்டுபோகும் பாபு, "அம்மா, இப்பத்தான் பாத்தேன், செவப்பு மீனு, அந்த எலைக்கு அப்பால பூட்ச்சி," என்பார். நான் ஒரு மஞ்சள் மீனைப் பார்த்தேன். பேப்பர்காரர் கறுப்பு வாலை மட்டும் பார்த்தார். மாமிக்குப் பெருமை தாங்காது. "எல்லார் கண்ணுலயும் படறது. உங்க கண்ணுக்குத்தான் தெரியலை," என்று மாமாவை ஏசுவார்.

"ஆமாம், கண்ணாடி மாத்தணும்," என்பார் மாமா.

போன ஐப்பசி மழையில் மாமி காய்ச்சலில் படுத்தார். அதற்கு முன்பே மாமாவையும் மறந்திருந்தார். நான் ரசம் கொண்டுபோன அன்று, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "நீங்க யாரு?"

மாமா சற்று யோசித்தார். "இந்த ஆத்துலதான் இருக்கேன். மீன் தொட்டியைப் பாத்துக்கறவன்."

"மீன் இருக்கோ?"

"நெறைய இருக்கு."

மாமி திருப்தியாகக் கண்களை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அதன் பிறகு மாமா பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. தொட்டி விளக்கு எரியவில்லை. கண்ணாடியில் பாசி படர்ந்தது. எதற்கும் சாகாத அந்த இலைகள்கூட ஓரத்தில் பழுப்பேறின. பாபு என்னை வழிமறித்தார். "சார், மாமா தண்ணில கையே வைக்கிறதில்ல சார். பயமா கீது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதனால் வாளியையும் ரப்பர் குழாயையும் எடுத்துத் தொட்டித் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன். குழாய் கையிலிருந்து நழுவியது. ஹால் முழுக்க வெள்ளம். சோபாவின் கால்கள் நனைந்தன.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"டேய் மடையா! இது ஹாலா, மழைக்கால வேளச்சேரியா?"

எழுந்து வந்தார். சட்டைக் கையை மடிக்கக்கூட மறந்து தொட்டிக்குள் கையை விட்டார். பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே என்னைத் திட்டினார், என் படிப்பைத் திட்டினார், எனக்கு வேலை கொடுத்தவர்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லா ஞாயிறும் தண்ணீர் மாற்றப் போகிறேன். குழாயை ஒழுங்காகப் பிடிக்க எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. வாராவாரம் கொஞ்சம் சிந்துகிறேன், திட்டட்டும்.