கவ்வாத்து மலையைச் சரித்தவள்

ஒரு முழு மலையை நான் பொய்யாகச் சரித்திருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன்.

நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று செயற்கைக்கோள்களை வைத்து அளப்பது என் தொழில். (இதைக் கல்யாணத் தரகருக்கு விளக்க அம்மா பட்ட பாடு தனிக்கதை.) வெளிநாட்டில் படித்து முடித்த கையோடு, நோர்வூட் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தையே முதல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் ஒரு சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் இருபது குடும்பமும் கோயிலுக்கு ஓடும். வேறு இடம் கேட்டால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள் அதிகாரிகள். நான் கொண்டுவருகிறேன் என்று மார்தட்டினேன்.

ஒரு வருட இடைவெளியில் எடுத்த உயர அளவுகளை ஒப்பிட்டேன். லயத்துக்கு மேலே பத்தாம் நம்பர் தேயிலை மலை மொத்தமும் இரண்டடி இறங்கியிருந்தது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம் கூட்டினோம். தோட்டத் துரை, நுவரெலியாவிலிருந்து இரண்டு அதிகாரிகள், வேலை முடிந்த சனம் எல்லாம் வந்தது. இறங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் என் படத்தைத் திரையில் போட்டேன்; பத்தாம் நம்பர் மலை செக்கச்செவேலென்று இருந்தது. குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இந்த மலை இரண்டடி கீழே இறங்கியிருக்கிறது" என்றேன்.

முன்வரிசையில் அப்பா கையைத் தூக்கினார். "பாப்பா, அது எறங்கலம்மா. நாங்கதான் கவ்வாத்து வெட்டுனோம்."

கவ்வாத்து என்றால், புதுத்துளிர் வருவதற்காகத் தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது. செயற்கைக்கோள் அளந்தது செடியின் தலையை. அதை நிலம் என்று நம்பியவள் கவ்வாத்துக்காரரின் மகள்! அவர்கள் வெட்டிய மாதம் அப்பா போனில், "கவ்வாத்துக் கத்தி புடிச்சுக் கையெல்லாம் காச்சுப்போச்சு" என்றபோது, எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

களமே சிரித்தது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் அதிகாரி ஃபைலை மூடினார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. படத்தின் ஓரத்தில் இன்னொரு சின்னச் சிவப்பு இருந்தது.

"அப்பா, பீலிக்கரையில என்னத்த வெட்டுனீங்க?"

"லயத்துல தண்ணி புடிக்கிற எடத்துல என்னம்மா வெட்டுறது? அது சீமெந்துத் தரை."

"அப்ப அது ஏன் செவந்திருக்கு?"

"அதுவும் பிழையா இருக்கும், மிஸ்" என்றார் ஃபைலை மூடிய அதிகாரி.

"வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க!" என்று முன்னால் நடந்தேன். வேறு வழியின்றி எல்லோரும் பின்னால் வந்தார்கள். பீலிக்கரையில் விரல் நுழையும் வெடிப்பு. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா சொன்னார்: "மூணு தடவ பூசிட்டோம் சார். திரும்பத் திரும்ப வாயத் தொறக்குது."

அங்கேயே நில அசைவை அளக்கும் கருவியை நட்டேன். மழைக்காலம் முழுதும் அளந்து, வாராவாரம் அந்த அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். என்னைக் கண்டாலே அவர் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார். அங்கேயும் போனேன். கடைசியில் இருபது குடும்பத்துக்கும் கோயில் மேட்டில் இடம் கிடைத்தது. அடுத்த வருட மழையில் ஆளில்லாத பழைய லயம் அப்படியே பள்ளத்துக்குப் போய்விட்டது.

ஆனால் சனத்துக்கு ஞாபகம் இருப்பது கவ்வாத்துதான். இன்றும் கோயில் மேட்டில் யார் முடிவெட்டிக்கொண்டு வந்தாலும், "ஐயையோ, ரெண்டடி எறங்கிருச்சு! சேட்லைட் அக்காவுக்குப் போனப் போடு!" என்று கத்துகிறார்கள். வீட்டுக்கு வீடு சிரிப்பு. அப்பாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறார்.

நன்றாகச் சிரிக்கட்டும். இருபது வீட்டில் ஒரு குரல்கூடக் குறையவில்லை.