இருபத்தாறு மட்டும்தான் காலி

விழாவே இல்லாத ஒருவன் விழாவுக்குப் போட்டோ பூத் சொல்லிவைத்த கதையை இதுவரை என் உறவினர்கள்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிவிடுகிறேன். அளவோடு நிறுத்த வேண்டுமென்றால் நானே சொல்லிவிடுவது நல்லது. ஒரு சித்திரை வெயிலில், ஊரிகம் ரயில் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வரப்போகும் டிசம்பர் இருபத்தாறாம் தேதிக்கு முன்பணம் கொடுத்துப் போட்டோ பூத் பதிவு செய்தேன். என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியாது. யார் வருவார்கள் என்றும் தெரியாது.

என்னிடம் இதைச் சாதித்தவரின் பெயர் டிசம்பர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தங்கச் சுரங்க ஊரான எங்கள் தங்கவயலில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நமக்கெல்லாம் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். அவருக்கு ஒன்றுதான். மற்ற பதினொன்றும் அந்த ஒன்றுக்கான வெயிட்டிங் ரூம்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அவர் முன்பு பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். எந்த முகத்தையும் ஆயுள் தண்டனைக் கைதியின் முகமாக மாற்றும் கைராசி அவருக்கு உண்டு. என் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளை நானே எந்த நாட்டுக்குள்ளும் விடமாட்டேன். செல்போன் வந்து ஸ்டூடியோவை மூடியதும் அவர் போட்டோ பூத்துக்கு மாறினார். ஆளுயரப் பெட்டி, திரையை விலக்கி உள்ளே போனால் எதிர்ச்சுவரில் கேமரா. பொய் மீசையும் அட்டைக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினால், பக்கத்துத் துளை வழியாகப் பெட்டி நீளமாக ஒரு படத்தை நாக்குப் போல நீட்டும்.

இந்த வியாபாரத்துக்குத் தங்கவயலைவிட நல்ல ஊர் கிடையாது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் கேக் போகவில்லை. டிசம்பர் பிறந்தால் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டு வாசலிலும் ஒரு நட்சத்திர விளக்கு தொங்கும். சர்ச், கிளப், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடு என்று எங்கு பார்த்தாலும் கூட்டம். ஒரே ஒரு மாதம் ஒழுங்காக உழைத்தால் மிச்ச மாதங்களைத் தூங்கிக் கழிக்கலாம். நம்மவர் அதைத் தலைகீழாகச் செய்தார். மிச்ச மாதங்களில் உழைத்து டிசம்பரில் தூங்கினார்.

காரணம் அவருடைய தத்துவம். கேக்குக்குப் பழம் ஊறப்போடுகிற அன்றே பூத்துக்கும் சொல்லிவிட வேண்டும் என்பார். முதலில் அது நியாயமாகத்தான் இருந்தது. பிறகு யாரும் முந்திவிடக் கூடாதே என்று பழம் வாங்குகிற நாளுக்கு நகர்ந்தார். கடைசியில் பழம் பூவாக இருக்கும்போதே புறப்பட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புக் குல்லாவை ஏப்ரல் மாத வெயிலில் மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் கடைத்தெருவில் நடப்பார். புதிதாக வந்த போலீஸ்காரர்கள் விசாரிப்பார்கள். பழையவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவை மரணத்தை நினைத்து நடக்கும் ஆராதனை முடிந்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, சர்ச் வாசலில் அதே குல்லாவோடு நின்றிருக்கிறார். ஃபாதர் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்று என்ன நாள் என்று தெரியுமா என்று கேட்டாராம்.

"தெரியும் ஃபாதர். ஆனா இந்த நாளு வருசா வருசம் மாறிகினே இருக்குது. பொறந்த நாளு மட்டும்தான் தேதி மாறாது. அதான் இப்பவே கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

துக்க வீட்டையும் அவர் விட்டதில்லை. மாலையோடு போவார். வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே கண் கலங்குவார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வருடம் நீங்கள் எதுவும் கொண்டாட மாட்டீர்கள், அடுத்த டிசம்பருக்குப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பார். அடி விழாமல் அவர் திரும்பி வந்ததற்குக் காரணம், அடிக்க வேண்டியவர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டிருந்ததுதான்.

என்னிடம் அவர் வந்தது பெங்களூரு ரயிலுக்காக நான் காத்திருந்தபோது. பக்கத்தில் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"இருபத்தினாலு போயிடுச்சு சார். இருபத்தஞ்சு போயிடுச்சு. முப்பத்தொண்ணு கேக்கவே கேக்காதீங்க."

நான் எதையுமே கேட்டிருக்கவில்லை.

"இருபத்தாறு மட்டும்தான் காலி. பங்காருபேட்டைலருந்து ஒருத்தரு ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு. நம்ம ஊரு ஆளு யாருனா கெடைச்சா குடுக்கலாம்னு நான்தான் புடிச்சி வெச்சிகினு கீறேன்."

இருப்பது கொஞ்சம்தான் என்று சொல்லி விற்கும் இந்த உத்தியைப் பற்றி நான் தடிமனான புத்தகங்கள் படித்திருக்கிறேன். படிக்காதவன் சும்மா ஏமாறுகிறான். படித்தவன் அடிக்குறிப்புகளோடு ஏமாறுகிறான். பங்காருபேட்டைக்காரன் ஒருவன் என் இருபத்தாறாம் தேதியைக் கொத்திக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. முகம் தெரியாத அந்த மனிதனை அப்போதே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் குடும்பச் சந்திப்பு என்றேன். எத்தனை பேர் என்றதற்கு ஐம்பது என்றேன். எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்.

டிசம்பர் எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் தலைக்குள்தான். அதனால் மறந்துவிடாமல் இருப்பதற்காக என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் சத்தமாக ஞாபகப்படுத்துவார். எதிர் பிளாட்பாரத்திலிருந்து, "சார், இருபத்தாறு" என்பார். நான் கத்தரிக்காய் பொறுக்கும்போது சந்தைக்கே கேட்கும்படி, "அம்பது பேருதானே சார், கொறையாதே" என்பார். நந்திதுர்க்கில் இருக்கும் என் சித்தப்பா, பெரிய விசேஷமாமே, எங்களைக் கூப்பிடக்கூட மனசு வரவில்லையா என்று சண்டைக்கு வந்தார். செய்தி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது என் மனைவியிடம்.

"அம்பது பேருக்குச் சோறு ஆக்கறது யாரு? உங்க டிசம்பரா?" என்று கேட்டாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள், பதிவை ரத்து செய்துவிடலாம் என்று முடிவெடுத்து அவர் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. பூத்தின் திரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய தகரத்தையும் மடக்குக் கதவையும் வைத்து என்னவோ செய்துகொண்டிருந்தார். மேலே ஒரு மணி, அதற்கு ஒரு கயிறு.

"கேஜ் சார்" என்றார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற அதே இரும்புக் கூண்டு. சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. இவர் அதைப் புகைப்படத்துக்காகத் திறக்கிறார். பெங்களூருவிலிருந்து யாரோ கம்பெனிக்காரர்கள் ஆளை நிறுத்தி வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படம் எடுக்கும் மேடையோடு வந்திருக்கிறார்களாம். சர்ச் கமிட்டி அவர்கள் பக்கம் போய்விட்டதாம். கிளப்பும் போய்விட்டதாம்.

இருபத்து நான்கும் இருபத்தைந்தும் ஏப்ரலிலேயே போய்விட்டதாகச் சொன்னீர்களே என்றேன்.

"இருபத்தஞ்சு சர்ச்சுக்குன்னு நான் ஒதுக்கி வெச்சிருந்தேன் சார். அது அவங்களுக்குத்தான் தெரியல."

ஆக, அந்த டிசம்பர் முழுவதற்கும் அவரை உண்மையாகப் பதிவு செய்திருந்த ஒரே பிரகிருதி நான்தான். ரத்து என்ற வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தன் மகள் போட்டிருக்கும் நிபந்தனையைச் சொன்னார். இந்த வருடமும் ஓடவில்லையென்றால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பெங்களூருவில் அவள் வீட்டோடு வந்துவிட வேண்டும்.

"பதினோராவது மாடி சார். மருமவன் தங்கமானவரு. பால்கனில ஒரு நாற்காலி போட்டு வெச்சிட்டாராம். எதிர்ல எவன் கீறான், புக்கிங் கேக்கறதுக்கு? எதிர் பால்கனிதான் கீது."

தங்கவயலுக்கு இது நல்ல காலம் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பெரிய வெள்ளிக்கிழமைகள் அமைதியாகும். துக்க வீடுகள் நிம்மதியாக அழும். பிறகு அந்தச் சிவப்புக் குல்லா பதினோராவது மாடியில் தனியாக உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ஐம்பது பேருக்குத்தான் ஆக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பெரிய அண்டாவை யாரிடம் கேட்பது என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் லைனில் இருக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள் எல்லோரையும் இருபத்தாறாம் தேதிக்குக் கூப்பிட்டேன். சித்தப்பாவும் வந்தார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரும் வந்தார். சர்ச் கிறிஸ்துமஸ் கமிட்டிச் செயலாளர். முந்தின நாள் சர்ச்சில் பெங்களூருக்காரர்களின் சுழல் மேடையில் ஏறிய அவருடைய மாமனார் இன்னும் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததால், டீச்சர் கொஞ்சம் திறந்த மனதோடு இருந்தார்.

வீட்டு முன் ஷாமியானாவுக்கு அடியில் கேஜ் நின்றது. வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு டிசம்பர். சுரங்க ஹெல்மெட், அதன் மேல் சிவப்புக் குல்லா. நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்த முனிசாமி மாமா தலைமையில் முதல் கூட்டம் ஏறியது. மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் சொல்லாமலே எட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். டிசம்பர் கதவை இழுத்து மூடி மணியை அடித்தார். கேமரா கண் சிமிட்டியது. பெட்டி நாக்கை நீட்டியது.

படத்தில் எட்டுப் பின்மண்டைகள்.

"இன்னா மாமா, முதுவக் காட்டறீங்க? கேமரா அந்தாண்ட கீது."

"கேட்டு இந்தாண்ட கீதே" என்றார் மாமா, மடக்குக் கதவைக் காட்டி. "கேட்டப் பாக்காத எவன் கேஜுல நிப்பான்?"

டிசம்பர் அவர்களைத் திரும்பி நிற்கவைத்தார். நின்றார்கள். மணி அடித்தார். அடித்த கணம் எட்டுப் பேரும் பட்டாளம் போலக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் ஏறிய அடுத்த கூட்டமும் அப்படியே. நான் சுரங்கத்தின் வாசற்படியை மிதித்தவனில்லை. ரயிலில் கதவைப் பார்த்து நின்றே பாதி ஆயுளைக் கழித்த அலுவலகத்துக்காரன். மணி அடித்ததும் நானும் திரும்பினேன். மணியை விட்டுவிட்டுப் படம் எடுங்களேன் என்று கெஞ்சினேன்.

"பெல் அடிக்காத கேஜ் எப்பிடி சார் எறங்கும்?"

அது எங்கேயும் இறங்கப் போவதில்லை என்பதை அவருக்குச் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. மேசை மேல் முதுகுகள் குவிந்தன. டிசம்பரின் முகம் அவரே எடுத்த பாஸ்போர்ட் படம் போல ஆகிவிட்டது. பதினோராவது மாடி நாற்காலி அவர் கண்ணில் தெரிந்தது.

முனிசாமி மாமா ஒரு படத்தைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார்.

"இது தனபாலு. இந்தப் பின்மண்டையப் பாத்துகினுதான் நான் ஷிப்டு ஷிப்டா கீழ எறங்கினேன். இவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு மேல வந்தாதான் தெரியும்."

அவ்வளவுதான், மேசையைச் சுற்றிச் சந்தை கூடிவிட்டது. காது மடலை வைத்து ஒருவரையும், வழுக்கையின் வடிவத்தை வைத்து இன்னொருவரையும், கழுத்தில் இருந்த மருவை வைத்து என் சித்தப்பாவையும் கண்டுபிடித்தார்கள். எனக்கு உனக்கு என்று ஒருவர் முதுகை ஒருவர் பிடுங்கிக்கொண்டார்கள். சோறு ஆறியது. மறுபடி ஏற வரிசை நின்றது. இப்போது யாரையும் கேமரா பக்கம் திரும்பி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சர் இதையெல்லாம் பார்த்துவிட்டு டிசம்பரிடம் வந்தார். "அடுத்த வருசம் இருபத்தஞ்சு நம்ம சர்ச்சுக்கு வந்துடுங்கண்ணா."

எட்டு மாதம் வெயிலில் அலைந்து தேடிய தேதி தானாக நடந்து வந்து எதிரில் நிற்கிறது. டிசம்பர் கண்ணை மூடித் தலைக்குள் தேடினார்.

"இருபத்தஞ்சு கஷ்டம் டீச்சர். ஒருத்தரு ஏற்கெனவே கேட்டுகினு கீறாரு. இருபத்தேழுன்னா பாக்கலாம்."

அவரைக் கேஜுக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடலாமா என்று இருந்தது. டீச்சருக்கோ முகம் சிவந்துவிட்டது. சர்ச்சை முந்திக்கொண்டு கேட்டவர் யார், அவரிடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

"நம்ம சார்தான்" என்று டிசம்பர் என்னைக் காட்டினார்.

ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேட்காத தேதியை, இல்லாத பெருந்தன்மையோடு சர்ச்சுக்கு விட்டுக்கொடுத்தேன். டீச்சர் கை கூப்பினார். பரவாயில்லை சார் என்று டிசம்பர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். உங்களுக்கு வழக்கம்போல இருபத்தாறு இருக்கிறதே என்றார். நான் தலையாட்டினேன். இந்த முறை அடிக்குறிப்பு எதுவும் இல்லை.

பால்கனி நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். பெரிய அண்டாவை நாங்களே வாங்கிவிட்டோம். அன்று எடுத்த படம் எங்கள் வீட்டு பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. எட்டு முதுகுகளில் ஓரமாக நிற்பது என்னுடையது. இந்த ஊரில் அந்தக் குல்லா கண்ணில் படாத ஏப்ரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டி என் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். அவள் கிட்டே வந்து படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கல்யாண ஆல்பத்துலருந்து பாஸ்போர்ட்டு வரைக்கும் எல்லாம் பாத்துட்டேங்க. உங்களுக்கு அமைஞ்ச நல்ல படம் இது ஒண்ணுதான்."