எதிர்ப்புச் சக்தி அரசி

மலேசியாவில், லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், நிர்வாகம் அந்த மாதத்தை 'நோய் எதிர்ப்புச் சக்தி மாதம்' என்று அறிவித்தது. அறிவித்ததோடு விட்டார்களா? ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆளுக்கொரு கிளாஸ் இஞ்சி மஞ்சள் சாறு. குடிக்கும்போது முகம் சுளிக்கக் கூடாதென்று தனிச் சுற்றறிக்கை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பழம் பொறுக்கும் குமுதவல்லி, சிரம்பான் டாக்டர் கொடுத்த கடிதத்தோடு ஆபீஸுக்குப் போனாள். அவளுக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய் அவள் உடம்பை அடிக்கிற நோய். வெயில் பட்டால் கன்னம் சிவந்து, மூட்டு வீங்கி, இரண்டு நாளைக்கு எழுந்திருக்க முடியாது. போன மாதம் சிறுநீரகத்திலும் கை வைத்துவிட்டது. ஸ்டோரில் உட்கார்ந்து சாக்கு தைக்கும் வேலைக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்வாள். பாவம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை மரியாதையாக எழுந்து நின்றே படித்தார்.

"எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறி வேலை செய்யுதுன்னு டாக்டரே எழுதியிருக்காரு. குறைஞ்சா நோய்னு மனுப் பாரத்துல கட்டம் இருக்கு. கூடினா அது சாதனைம்மா."

"ஐயா, அது என்னைத்தான் அடிக்குது."

"வேற ஆள் அடிச்சா நிர்வாகம் கேட்கலாம். உங்க உடம்பே உங்களை அடிச்சா அது குடும்ப விவகாரம் லா."

மாற்றல் மனு தள்ளுபடி. அதற்கு ஈடாக, தோட்டத்தின் எதிர்ப்புச் சக்தி அரசியாகக் குமுதவல்லி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

வைட்டமின் டி தாராளமாகக் கிடைக்கும் நேரம் என்பதால், விழா நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நடந்தது. மேனேஜருக்கு மட்டும் கூடாரம். அங்கிருந்தபடியே அவளுடைய சிவந்த கன்னத்தைக் காட்டி, ஆரோக்கியம் என்றால் இதுதான் என்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். சனங்கள் கைதட்டினார்கள். புருஷன் சன்னாசி எல்லாரையும் விட ஓங்கித் தட்டினான். வீட்டுக்கு ஒரு பரிசுக் கோப்பை வருகிறதே, மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. குமுதவல்லிக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. எதற்கும் நேரமில்லாமல் கோப்பையோடு மயங்கி விழுந்தாள்.

பதறிப்போன மேனேஜர், அவளைத் தன் ஏர்கான் அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்து, இளநீர் வாங்கிக் கொடுத்தார். தோட்டமே சன்னல் வழியாக அதைப் பார்த்தது.

மறுநாள் அவள் டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்கி, தட்டுத்தடுமாறி வந்தாள். ஆபீஸ் வாசலிலிருந்து சாலை வரைக்கும் கொளுத்தும் வெயிலில் வரிசை. அரசியின் நோய் தனக்கும் இருப்பதாக எழுதிக் கொடுக்க நாற்பது பேர். கொஞ்சம் வழி விடச் சொல்லிக் கெஞ்சினாள். முதல் ஆளாக நின்ற சன்னாசி திரும்பிப் பார்த்தான்.

"பின்னால போய் நில்லு குமுதா. உனக்குத்தான் சக்தி நிறைய இருக்கே."