மூன்று பெட்டியோடு வந்தவள்

என் மாமியார் ஒலிந்தா இந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. புது வருஷத்தன்று நான் எடுத்த ஒரே சபதம் இதுதான். இருப்பதே இரண்டு அறை. ஒன்று எனக்கும் மிர்த்தாவுக்கும். இன்னொன்று என் ஆட்டத்துக்கு.

ஆட்டமென்றால் சீட்டாட்டமில்லை. மொந்தெவிதேயோ ஊர் முழுக்க நடக்கும் ஆட்டம். தெருமுனைப் பொதுத் தொலைபேசி திடீரென்று அடிக்கும்; எடுத்தால் ஒரு குரல் துப்பு சொல்லும். கடற்கரைச் சாலையில் எவனோ கையில் சாவியைத் திணித்துவிட்டு ஓடுவான். எல்லாம் காணாமல்போன ஒரு விஞ்ஞானியைக் கண்டுபிடிக்க. அப்படியொரு விஞ்ஞானி பிறக்கவே இல்லை, அது வேறு விஷயம். சட்டம் ஒன்றுதான்: 'இது ஆட்டமா, நிஜமா?' என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவுட். பதினோரு மாதமாக நான் கேட்டதில்லை. அதை மிர்த்தாவிடம் தினமும் பீற்றிக்கொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை கதவடியில் ஒரு சீட்டு கிடந்தது. "சனி காலை பதினொன்று. மூன்று பெட்டியோடு ஒருத்தி வருவாள். உன் அறையைக் கொடு."

சனிக்கிழமை காலை மிர்த்தா மாத்தே தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, அம்மா சால்ட்டோல பஸ் ஏறிட்டாங்க. பதினொரு மணிக்கு வந்துருவாங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் பெண்டாட்டியையே ஆட்டத்தில் சேர்த்துவிட்டார்களே!

"ஓஹோ... அம்மாவா?" கண்ணடித்தேன்.

"என்னைப் பெத்த அம்மாங்க. முட்டிவலி. இனிமே நம்மகூடத்தான்."

"அடேங்கப்பா! முட்டிவலி வரைக்கும் யோசிச்சிருக்காங்களே!"

"ஐயோ, நிஜமாத்தாங்க சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பிரமாதமா நடிக்கிறே, போ!"

"அப்ப அறையைக் காலி பண்ணிருவீங்கதானே?"

"இதோ, இப்பவே!"

சுவரிலிருந்த வரைபடங்களையெல்லாம் பிய்த்துக் குளியலறையில் ஒட்டினேன். கட்டில் போட்டேன். பதினொன்று அடித்தது. மூன்று பெட்டி, பின்னாலேயே சாட்சாத் ஒலிந்தா. நிஜ மாமியாரையே நடிக்கப் பிடித்திருக்கிறார்கள்! என்ன மூளை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை, இனி இது உங்க வீடு. போறேன்னாலும் நான் விடமாட்டேன்!" என்று சொல்லிக் கண்ணடித்தேன்.

"மாப்ளைக்குக் கண்ணுல என்னடி கோளாறு?" என்றாள் மகளிடம்.

மூன்று வாரம் ஓடியது. அடுத்த துப்பு வரவில்லை. காய்கறிச் சந்தையில் வால்தெமார் எதிர்ப்பட்டான். அவனும் எங்கள் ஆட்டக்காரன்தான்.

"ஆட்டமா? அது முடிஞ்சு ஒரு மாசமாச்சே அனிபால்! நிறைவு விருந்துக்குக் கூப்பிட்டேன். உன் சம்சாரம்தான் போனை எடுத்து, உனக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க."

தக்காளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"மிர்த்தா! அந்தச் சீட்டு?"

"நான் எழுதினதுதான்." கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். "ஆனா வந்தது என் அம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேனா இல்லையா? நீங்கதான் நடிப்புன்னு மெச்சுனீங்க."

இவளிடம் பேசிப் பயனில்லை. நேரே என் பழைய அறைக்குள் போனேன். ஒலிந்தா என் நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஊருக்கு எப்பக் கிளம்புறீங்க?"

"எந்த ஊருக்கு மாப்ளே? போறேன்னாலும் விடமாட்டேன்னு நீங்க கண்ணுல தண்ணியோட சொன்னீங்களே, அடுத்த வாரமே சால்ட்டோ வீட்டை வித்துட்டேன்!"