அப்துல் வாஹித் போட்ட டிக்

"ஜெரோமு, பாதி ஓடிருச்சுப்பா! எப்பிடி நிப்பாட்டுறது?"

ஒரு கையில் போன், மறு கையில் மவுஸ். அப்துல் வாஹித் கத்திய கத்தலில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேர் எலும்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையில்தான் ஜெரோம் வந்து அவருடைய பிரியாணிக் கடைக் கம்ப்யூட்டரில் பேக்கப் சாப்ட்வேர் போட்டுவிட்டுப் போயிருந்தான். போன மாதம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதில் கல்யாண ஆர்டர் அத்தனையும் அழிந்து, ஒரு நிக்காஹ் வீட்டில் ஐந்நூறு பேர் இலைக்கு முன்னால் காத்துக்கிடந்தார்கள். அன்றைக்கு வாங்கிய ஏச்சு ஏழு தலைமுறைக்குப் போதும். அதனால் இங்கே உள்ளதெல்லாம் தானாகவே இன்னொரு கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகவேண்டும் என்று ஏற்பாடு. அந்த இன்னொரு கம்ப்யூட்டர் பக்கத்துக் கடையில் இருந்தது. பக்கத்துக் கடை தங்கச்சி மாப்பிள்ளை சௌகத் அலியுடையது. அதுவும் பிரியாணிக் கடை.

வயர் இழுத்து முடித்து, ஜெரோம் பழனி பஸ் ஏறிய பிறகுதான் வாஹித்துக்குச் சுருக்கென்றது. அத்தா மௌத்தாகும் முன்னால் சொல்லிவிட்டுப் போன மசாலா அளவு இதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. மொத்தம் பதினாலு சாமான். அதை எழுதியிருந்த தாளை ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாதென்று அவரே அடுப்பில் போட்டுவிட்டார். மாதம் ஒருதரம் கதவைச் சாத்திக்கொண்டு, திரையைப் பார்த்துப் பார்த்து எடை போட்டு, தானே அரைத்து, டின்னில் அடைத்துச் சமையல் மாஸ்டர் உடையப்பனிடம் கொடுப்பார். வீட்டில் மனைவி மெஹராஜுக்குக்கூடச் சொன்னதில்லை. அது மச்சான் கைக்குப் போய்விட்டால் அப்புறம் இந்தக் கடையை எதற்குத் திறக்க வேண்டும்?

"பதறாதீங்க பாய். சிவப்புப் பட்டனை அமுக்குங்க. நின்னுச்சா?"

"நின்னுருச்சு, நின்னுருச்சு. மசாலா போயிருச்சாப்பா?"

"மசாலா ஃபோல்டர் போயிருக்காது. அது கடைசியிலதான் இருந்துச்சு. இப்ப செட்டிங்ஸ் போங்க. ஃபோல்டர் லிஸ்ட் வரும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக்கு..."

சிக்னல் போய்விட்டது.

லிஸ்ட் வந்தது, கட்டமும் இருந்தது. வாஹித் கடையில் டிக்குக்கு ஒரே அர்த்தம்தான். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையில் சுக்காவுக்கு எதிரே டிக் விழுந்தால் சுக்கா தீர்ந்தது, எவன் கேட்டாலும் கொடுக்காதே என்று பொருள். இருபது வருசப் பழக்கம். மனுசன் யோசிக்கவே இல்லை. 'கல்யாண ஆர்டர்', 'பில்', 'மசாலா' எல்லாவற்றிலும் இருந்த டிக்கை எடுத்தார். பிறகு 'மசாலா'வுக்கு மட்டும் மறுபடியும் அழுத்தமாக ஒரு டிக் போட்டு ஓகே கொடுத்தார்.

பச்சைக் கோடு மறுபடி கிளம்பி, மூணே நொடியில் ஓடி முடிந்தது.

பத்து நிமிசம் கழித்து ஜெரோம் கூப்பிட்டான்.

"டிக் போட்டதுதான் பாய் போகும்."

"யா அல்லா! ஏலே, அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தானே வந்தேன், லைன் கட்டாயிருச்சு. இப்ப அந்த டிக்கை எடுத்துருங்க."

"எடுத்துட்டேன்."

"இனிமே போகாது. ஆனா போனது..."

மறுபடியும் சிக்னல் இல்லை. பழனி பஸ் போகும் ஒட்டன்சத்திரம் ரோட்டையே வாஹித் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு அவரே யோசித்தார். ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வயரில்தானே இருக்கிறது? இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துதானே ஆகவேண்டும்? மசாலா ஃபோல்டரை அழித்தார். குப்பைத்தொட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்த அதை அங்கேயும் விடாமல் காலி பண்ணினார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

போன் அடித்தது. நடந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

ஜெரோம் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாய், டிக்கை எடுத்தப்புறம் இங்க அழிச்சா அங்க அழியாது. அளவு இப்ப உங்க மச்சான்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"அடப்பாவி!"

"நல்லவேளைன்னு நினைங்க. பேக்கப் போட்டது எதுக்கு? இந்த மாதிரி நேரத்துக்குத்தானே?"

போனைத் தூக்கி எறியலாம்போல வந்தது வாஹித்துக்கு. ஒரு பேப்பரை எடுத்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார். பட்டை, கிராம்பு, ஏலம், கல்பாசி... பதினொண்ணுக்கு மேல் நகரவில்லை. வேறு வழியில்லாமல் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சான் கடைப் படியேறினார்.

"வாங்க மச்சான், வாங்க! ஒரு பிளேட் போடச் சொல்லவா?" என்றார் சௌகத் அலி.

"சாப்பிட வரலை. ஒரு ஃபைலு இங்க வந்துச்சா?"

"மசாலான்னு ஒண்ணு வந்துச்சு."

"தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

"படிச்சீங்களா?"

சௌகத் அலி தாடியைச் சொறிந்தார். "படிச்சேன் மச்சான். உங்களுக்குச் சங்கடமா இருந்தா இப்பவே அழிச்சிடுறேன்."

"அய்யோ, அழிச்சிராதீங்க! எங்கிட்டயே இல்லை! செத்த நேரம் அந்த மவுஸ்ல கை வைக்காம இருங்க!"

இம்புட்டு வருசமாக யாருக்கும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்ததை எதிரிக் கடையில் நின்று பிச்சை கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சௌகத் அலி மறுபேச்சுப் பேசாமல் பிரிண்ட் கொடுத்தார். ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அதுதான் வாஹித்துக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இந்நேரம் மனப்பாடம் பண்ணியிருப்பான், நாளைக்கே டின் டின்னாக அரைத்துவிடுவான்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டுத் திரையை விலக்கிக்கொண்டு, ஒரு டின்னைத் தோளில் தூக்கியபடி வெளியே வந்தது அவருடைய சொந்த மாஸ்டர் உடையப்பன்.

"உடையப்பா! நீ இங்க என்ன பண்றே? எங்க மசாலாவை இவங்களுக்கு வித்துக்கிட்டா இருக்கே? உப்புத் தின்ன வீட்டுக்கே துரோகமா?"

உடையப்பன் சௌகத் அலியைப் பார்த்தார். சௌகத் அலி விட்டத்தைப் பார்த்தார். டின் மெதுவாகக் கீழே இறங்கியது.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. இந்தக் கடை தொறந்த புதுசுலயே நம்ம கூட்டம் பூராம் எந்திரிச்சு இங்க வந்துருச்சு. அன்னையிலருந்து ஆறு வருசமா, நீங்க அரைச்சுக் குடுக்கிறதைக் கொட்டிட்டு இவங்க மசாலாவைத்தான் வாங்கிட்டு வந்து போட்டுக்கிட்டு இருக்கேன்."